பெருகும் கணக்கு: புளியங்கொட்டையிலிருந்து அசோலா வரை

அடுக்குக்குறி வளர்ச்சியை, அதாவது ஒவ்வொரு படியிலும் ஒரே மடங்கால் பெருகுவதை, செயல்பாடுகள் வழியாகக் கற்பிப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

பெருக்குத் தொடர்வரிசை நடத்தும்போது பேப்பரை மடிக்கச் சொல்கிறேன். ஆறாவது மடிப்போடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் "நிலா வரைக்கும் போகும்" என்று சொன்னால் மாணவர்கள் சிரிக்கிறார்கள். வேறு எப்படிச் செய்யலாம்?
*– கணித ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்*

அவர்கள் சிரிப்பதில் தப்பில்லை. கையில் ஆறு மடிப்பு, வாயில் நிலா என்றால் நடுவில் இருக்கும் பாலம் எங்கே? முதலில் மடிப்பு ஏன் நிற்கிறது என்பதையே பாடமாக்குங்கள். ஏ4 தாள் 297 மி.மீ. நீளம், 210 மி.மீ. அகலம். நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று என்று மாற்றி மாற்றி ஆறு முறை மடித்தால் மிஞ்சுவது சுமார் 37-க்கு 26 மி.மீ. துண்டு. அதன் தடிமன் 64 அடுக்கு, அதாவது 6 மி.மீ.க்கு மேல். ஏழாவது மடிப்பில் வெளிப்பக்க அடுக்கு வளைந்து சுற்றிவரவே நிறையத் தாள் வேண்டும். அவ்வளவு தாள் அங்கே இல்லை. தடிமன் இரட்டிக்கிறது, பரப்பு பாதியாகிறது. இரண்டும் சேர்ந்துதான் கையை நிறுத்துகின்றன. 2002-இல் கலிபோர்னியாவில் பிரிட்னி கேலிவன் என்ற பள்ளி மாணவி இந்த வளைவுக்கு எவ்வளவு தாள் செலவாகும் என்று சூத்திரம் கண்டுபிடித்து, ஏறக்குறைய 1.2 கி.மீ. நீளக் கழிப்பறைத் தாளை ஒரே திசையில் 12 முறை மடித்துக் காட்டினார். "ஏழு முறைக்கு மேல் முடியாது" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லலாம்.

அடுத்தது அளவு. மடித்த தாளை ஸ்கேலில் அளக்கச் சொல்லாதீர்கள். 32 அடுக்குக்கு 3.2 மி.மீ. வர வேண்டிய இடத்தில் 4, 5 என்று வரும், மடிப்புக்குள் காற்று இருப்பதால். "இரட்டிப்பு" என்று நீங்கள் சொன்னது அங்கேயே பொய்யாகிவிடும். பிரிக்காத ஒரு ரீம் பேப்பரைக் கொண்டுபோங்கள். 500 தாள், உயரம் ஏறத்தாழ 5 செ.மீ. ஒரு தாள் 0.1 மி.மீ. என்பதை மாணவர்களே வகுத்துக் கண்டுபிடிக்கட்டும். இனி மடிக்க வேண்டாம்; அடுக்கினால் போதும். பத்தாவது மடிப்பு 1,024 தாள், கிட்டத்தட்ட இரண்டு ரீம். மேஜைமேல் வைத்துவிடலாம், பத்து செ.மீ.தான். இதுவரை எல்லாம் கண்ணால் பார்த்தது.

இப்போது ஒரு கேள்வி: தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 66 மீட்டர். அதை எத்தனையாவது மடிப்பில் தாண்டும்? ஒவ்வொருவரும் தன் ஊகத்தை நோட்டில் எழுதிய பிறகுதான் கணக்குப் போட வேண்டும். எழுதாமல் விட்டால் விடை தெரிந்தபின் எல்லாரும் "நானும் அதான் நினைச்சேன்" என்பார்கள். விடை 20. பத்தொன்பதில் 52 மீட்டர், இருபதில் 105 மீட்டர். சரியாக 66-இல் நிற்கவே நிற்காது என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். இதற்குப் பிறகு நிலாவைச் சொல்லுங்கள்: 42-ஆவது மடிப்பில் சுமார் 4.4 லட்சம் கி.மீ.; நிலாவின் சராசரித் தொலைவு 3,84,400 கி.மீ. இருபதிலிருந்து நாற்பத்திரண்டுக்கு இன்னும் 22 இரட்டிப்புதான் என்று அவர்களே எண்ணிப் பார்த்திருப்பார்கள்.

40 பேர் வகுப்பு. பகடை வாங்க வசதியில்லை. செலவில்லாமல் வளர்ச்சியைக் காட்ட ஏதாவது உண்டா?
*– நடுநிலைப் பள்ளி ஆசிரியர், புதுக்கோட்டை மாவட்டம்*

தாயம் ஆடுகிற புளியங்கொட்டை போதும். ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை சிமென்ட் தரையில் தேய்த்த கொட்டை, ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவுக்கு 150. எட்டுக் குழுவுக்கு 1,200 கொட்டை. ஒருவர் 30 என்று பிரித்து முந்தைய வாரமே தேய்த்துவரச் சொல்லிவிடுங்கள்.

விதி ஒன்றே ஒன்று: எல்லாக் கொட்டையையும் உருட்டு, வெள்ளை மேலே விழுந்த ஒவ்வொன்றுக்கும் ஜோடியாக ஒரு புதுக் கொட்டை சேர், மொத்தத்தை எழுது, மறுபடி எல்லாவற்றையும் உருட்டு. பத்துக் கொட்டையில் தொடங்குங்கள்.

இங்கே மூன்று இடத்தில் சறுக்கும். முதலாவது, சில குழுக்கள் புதிதாகச் சேர்ந்த கொட்டையை மட்டும் உருட்டும். அப்போது சேர்க்கை 5, 2, 1 என்று தேய்ந்து நின்றுபோகும். அதைத் திருத்துவதற்கு முன், "ஏன் உங்களுடையது மட்டும் வளரவில்லை?" என்று வகுப்பையே கேளுங்கள். "இருக்கிறதெல்லாம் குட்டி போட வேண்டும், புதுசு மட்டுமில்லை" என்று யாராவது சொல்வார்கள். பாடத்தின் உயிரே அந்த வாக்கியம்தான்.

இரண்டாவது, ஒரு கொட்டையில் தொடங்க ஆசைப்படுவது. வாய்ப்பு பாதி என்றாலும், ஒற்றைக் கொட்டை முதல் மூன்று சுற்றிலும் வளராமல் கிடக்க எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. எட்டுக் குழுவில் ஒன்றாவது அப்படி மாட்டிக்கொண்டு சோர்ந்துபோக நல்ல வாய்ப்பிருக்கிறது.

மூன்றாவது, புளியங்கொட்டை நாணயம் அல்ல. தேய்த்த பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. வெள்ளை சரிபாதி விழும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதனால் விளையாட்டுக்கு முன் 20 கொட்டையைப் பத்து முறை உருட்டி, 200-இல் வெள்ளை எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். 90 வந்தால் வாய்ப்பு 0.45, வளர்ச்சிக் காரணி 1.45. எதிர்பார்க்க வேண்டிய வரிசை 10, 14 அல்லது 15, 21, 30, 44, 64, 93, 135. ஏழு சுற்றில் கொட்டை கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். நிஜத்தில் வருவது இதிலிருந்து விலகும். எட்டுக் குழுவின் எண்ணிக்கையையும் சுற்றுவாரியாகக் கூட்டிப் பலகையில் எழுதினால் விலகல் குறைந்து, அடுத்ததை முந்தையதால் வகுத்தால் 1.4, 1.5 பக்கமே சுற்றிக்கொண்டிருக்கும்.

எனக்கு இது பகடையைவிட மேல் என்றே தோன்றுகிறது. பகடையில் விகிதம் முன்கூட்டியே தெரிந்துவிடும். இங்கே அதை அளந்துதான் ஆக வேண்டும்.

அதே கொட்டையில் தேய்வையும் காட்டலாம்: 100-இல் தொடங்கி, வெள்ளை விழுந்ததை எடுத்துவிட வேண்டும். கடைசி நான்கைந்து கொட்டை போகாமல் அடம்பிடிக்கும். கதிரியக்கத்தில் அரை ஆயுள் என்பது கூட்டத்துக்குத்தான் பொருந்தும், ஒற்றை அணுவுக்கு நேரம் குறிக்க முடியாது என்று பிறகு இயற்பியலில் சொல்ல வசதியாக இருக்கும்.

கிராஃப் தாளில் 2-இன் அடுக்குகளை வரையச் சொன்னால் செங்குத்து அச்சு போதவில்லை. அளவைச் சுருக்கினால் முதல் ஐந்து புள்ளிகள் தரையோடு ஒட்டிக்கொள்கின்றன.
*– ஆசிரியப் பயிற்சி மாணவி, மதுரை*

தாளை விட்டுச் சுவருக்குப் போங்கள். பழைய செய்தித்தாளை 3 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி ஒட்டி நீளமாக்குங்கள். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் அல்ல, தரையோரத்திலேயே சாக்பீஸ் கோடு, அதுதான் பூச்சியம். 15 செ.மீ. இடைவெளியில் 1, 2, 4, 8, 16, 32, 64, 128, 256 செ.மீ. பட்டைகள். மூன்று மீட்டர் உயர வகுப்பறையில் ஒன்பதாவது பட்டை கூரைக்குக் கொஞ்சம் கீழே நிற்கும்.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வேறு நிறத்தில் இன்னொரு பட்டை: 30, 60, 90 என்று 30 கூட்டிக்கொண்டே போகும் கூட்டுத் தொடர்வரிசை. ஐந்தாவது இடத்தில் 150-க்கு எதிரே 16. வகுப்பு முழுக்கக் கூட்டலின் பக்கம் இருக்கும். எட்டில் 240-க்கு 128. ஒன்பதிலும் கூட்டல்தான் முன்னே, 270-க்கு 256. அங்கே நிறுத்தி, பத்தாவது பட்டை எங்கே முடியும் என்று கேளுங்கள். ஒன்று 300, கூரையைத் தொடும். மற்றது 512, கூரையை உடைத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போக வேண்டும். பத்தாவது பட்டையை வெட்டித் தரையில் நீட்டிப் போடுங்கள். சுவரில் மடக்கி ஒட்டினால் உயரம் என்ற எண்ணமே கெட்டுவிடும்.

"முதல் ஐந்து புள்ளி தரையோடு ஒட்டுகிறது" என்று நீங்கள் குறை சொல்வது உண்மையில் அந்த வரைபடத்தின் குணம். ஆபத்து தெரியாமலே நேரம் போய்விடுகிறது என்பதை அது அப்படித்தான் காட்டும். மேல்வகுப்பு என்றால் அதே எண்களுக்கு மடக்கை அட்டவணை பார்த்து வரையச் சொல்லுங்கள். 0, 0.301, 0.602, 0.903 என்று சம படியாக ஏறி நேர்கோடு வரும். புளியங்கொட்டைத் தரவையும் அதே தாளில் வரைந்தால், 1.45 மடங்குக்குச் சுற்றுக்கு 0.161 வீதம் சாய்வு குறைந்த இன்னொரு கோடு. இரண்டும் நேர்கோடு, சாய்வு வேறு. அடிமானம் மாறினால் என்ன மாறும் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

சதுரங்கப் பலகை–அரிசிக் கதையை நிஜ அரிசியில் செய்யலாமா?
*– பெற்றோர், கோவை*

தாராளமாக, 16 கட்டம் வரை. அம்பலப்புழைக் கிருஷ்ணன் கோயில் பால் பாயசத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் கதைதான். முதல் கட்டத்தில் ஒரு மணி, பிறகு இரட்டிப்பு. எட்டாவது கட்டம் 128 மணி, அதுவரை எண்ணலாம். அதற்கு மேல் எண்ணினால் சலிப்புதான் மிஞ்சும். 100 மணியை எண்ணி எடைபோட்டு, அதை வைத்து எடையாக அளங்கள். ரகத்துக்கு ரகம் மாறும். ஆயிரம் மணி 20 கிராம் என்று வந்தால் பத்தாவது கட்டம் 10 கிராம், பதினாறாவது சுமார் 655 கிராம், மொத்தம் 1.3 கிலோ. சுத்தமான வேட்டியின்மேல் செய்தால் அரிசி உலைக்குத் திரும்பிவிடும்.

பிள்ளைகள் தவறுகிற இடம் ஒன்று. பத்தாவது கட்டத்தில் இருப்பது 2¹⁰ அல்ல, 2⁹. முதல் கட்டம் 2⁰ என்பதால் ஒன்று பின்தங்கும். கூடவே, எந்தக் கட்டத்திலும் இருப்பது அதற்கு முன் வைத்த அத்தனையையும்விட ஒரு மணி கூடுதல் என்பதைத் தராசில் காட்டுங்கள்: ஒரு தட்டில் எட்டாவது கட்டம், மறு தட்டில் முதல் ஏழும்.

நோய் பரவுவதை வகுப்பில் காட்டும் சோதனையில் காஸ்டிக் சோடாவும், காரத்தில் நிறம் மாறும் ஃபினால்ஃப்தலினும் சொல்கிறார்கள். எட்டாம் வகுப்புக்கு அது பயமாக இருக்கிறது.
*– அறிவியல் ஆசிரியர், தென்காசி மாவட்டம்*

பயம் நியாயமானது. சலவை சோடாவும் மஞ்சளும் போதும். ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளைச் சிவப்பாக்கும் சுண்ணாம்பின் வேலையை இங்கே சோடா செய்யும்.

ஆளுக்கொரு பேப்பர் கப், ஒவ்வொன்றிலும் 50 மி.லி. தண்ணீர். ஒரே ஒரு கப்பில் மட்டும், 100 மி.லி.க்கு ஒரு தேக்கரண்டி வீதம் சலவை சோடா கரைத்த தண்ணீர். யாரிடம் என்று ஆசிரியருக்கும் தெரியாமல் கலைத்து வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒருவரோடு மட்டும் பரிமாற்றம்: என் கப் முழுவதும் உன் கப்பில், கலக்கி, பாதி திரும்ப என் கப்பில். யாரோடு என்று சுற்று எண்ணுடன் எழுத வேண்டும். கடைசியில் ஒவ்வொரு கப்பிலும் சில துளி மஞ்சள் கரைசல். சிவந்தால் தொற்று.

சமையல் சோடா வேண்டாம். அதன் காரத்தன்மை குறைவு, மஞ்சள் தெளிவாகச் சிவக்காது. சலவை சோடா ஆறேழு முறை பாதி பாதியாக நீர்த்தாலும் வேலை செய்யும். போர்த் தண்ணீரும் வேண்டாம். கடினநீரில் சோடா விழுந்தால் கால்சியம் கார்பனேட் வெள்ளையாகக் கலங்கி, முதல் நோயாளி யார் என்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். கேன் தண்ணீர் அல்லது மழைநீர் நல்லது. மஞ்சள்தூள் தண்ணீரில் சரியாகக் கரையாது. முந்தின நாள் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டினால் தெளிவான கரைசல் கிடைக்கும். யாரும் வாயில் வைக்கக் கூடாது, கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். சட்டையில் மஞ்சள் பட்டால் வீட்டில் சோப்புப் போடும்போது அது சிவக்கும் என்று அம்மாக்களுக்கு முன்பே சொல்லிவிடுவதும் நல்லது.

ஒரே தடவையில் எல்லாச் சுற்றின் எண்ணிக்கையும் கிடைக்காது, சோதனை கடைசியில்தானே? எழுதிவைத்த ஜோடிப் பட்டியலைப் பின்னோக்கிப் பார்த்து, எந்தச் சுற்றில் எத்தனை பேர் என்று மீட்டெடுக்க வேண்டும். 40 பேர் கண்டபடி ஜோடி சேர்ந்தால் சராசரியாக 1, 2, 4, 8, 14, 23, 33, 39 என்று போகும். 16 வர வேண்டிய இடத்தில் 14 வருவதைப் பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். தொற்று உள்ளவர் தொற்று உள்ளவரையே சந்திக்கத் தொடங்கிவிட்டார். அந்தச் சந்திப்பில் புதிதாக யாரும் சேரவில்லை. இரட்டிப்பு என்பது, இன்னும் தொற்றாதவர்கள் தாராளமாக இருக்கும்வரைக்கும்தான்.

1, 4, 9, 16, 25-ஐயும் மாணவர்கள் அடுக்குக்குறி வளர்ச்சி என்கிறார்கள். அடுக்கு இருக்கிறதே என்று வாதாடுகிறார்கள்.
*– ஆசிரியர், சேலம்*

வகுக்கச் சொல்லுங்கள். 4, 2.25, 1.78, 1.56 என்று விகிதம் இறங்கிக்கொண்டே வரும். 3, 6, 12, 24-இல் இறங்காது. எது அடுக்கில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, மாறும் எண்ணா, மாறாத எண்ணா என்பது அடுத்த கேள்வி. முதலில் விகிதம்.

உயிருள்ள எதையாவது வளர்த்துக் காட்ட முடியுமா? இட்லி மாவு பொங்குவதைக் காட்டலாமா?
*– அறிவியல் மன்றப் பொறுப்பாசிரியை, திருவாரூர் மாவட்டம்*

மாவு பொங்குவது நல்ல காட்சிதான். ஆனால் நீங்கள் அளக்கப்போவது நுண்ணுயிரின் எண்ணிக்கையை அல்ல, மாவுக்குள் சிக்கிய வாயுவின் கன அளவை. கண்ணாடி டம்ளரில் ரப்பர் பேண்ட் மாட்டி மணிக்கொருமுறை குறித்தால், முதல் சில மணி நேரம் அசையாது, பிறகு சட்டென்று ஏறும், பிறகு நிற்கும், இன்னும் விட்டால் இறங்கவும் செய்யும். இதிலிருந்து இரட்டிப்பு நேரம் கணக்கிட வேண்டாம்.

அதற்கு அசோலா, தண்ணீரில் மிதந்து வளரும் சிறிய பெரணிச் செடி. வேளாண் அறிவியல் நிலையத்திலோ மாடு வளர்க்கும் வீட்டிலோ ஒரு கைப்பிடி கிடைக்கும். அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் 2 செ.மீ. சலித்த மண், ஒரு கைப்பிடி சாணம் கரைத்த தண்ணீர், சிட்டிகை சூப்பர் பாஸ்பேட், 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒருநாள் திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள். பாதி நிழல். சித்திரை வெயிலில் செய்தால் சிவந்து நின்றுவிடும்; ஐப்பசிக்குப் பிறகு செய்வது பாதுகாப்பு.

அளவு எடுப்பதில்தான் எல்லாம் கெடும். எடைபோடும் முன் வடிகட்டியில் இரண்டு நிமிடம், பிறகு துணியில் ஒற்றி எடுப்பது. இதை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்யாவிட்டால் தண்ணீரின் எடைதான் வளரும். சமையலறைத் தராசில் ஒரு கிராம் முன்பின் வரும். 5 கிராமில் தொடங்கினால் அதுவே 20 சதவீதப் பிழை. 20 கிராமில் தொடங்கினால் 5 சதவீதம். நல்ல சூழலில் மூன்று முதல் ஐந்து நாளில் இரட்டிக்கும். தண்ணீர்ப்பரப்பு மூடியதும் வேகம் குறையும். அப்போது ஒரு தொட்டியில் பாதியை அள்ளிவிட்டு, இன்னொன்றை அப்படியே விட்டு, இரண்டையும் தொடர்ந்து எடைபோடச் சொல்லுங்கள். அள்ளியது மறுபடி ஏறும். அள்ளாதது கிடக்கும்.

கூட்டுவட்டியை எட்டாம் வகுப்பில் சூத்திரமாக மனப்பாடம் செய்கிறார்கள். ஊரில் சொல்லும் "மூணு வட்டி" கூட்டுவட்டியா, தனிவட்டியா?
*– மகளிர் குழு உறுப்பினர், தருமபுரி மாவட்டம்*

மாதாமாதம் வட்டியைக் கட்டிவிட்டால் தனிவட்டி. கட்டாமல் விட்ட வட்டியை அசலில் சேர்த்து எழுதினால் கூட்டுவட்டி. வட்டி குட்டி போடத் தொடங்கிவிட்டது. நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் என்ற அதே பேச்சு, இரண்டு வேறு கணக்கு.

வகுப்பில் இரண்டு பேர் கடன்காரர்கள், இரண்டு பேர் கணக்குப்பிள்ளைகள், ஆளுக்கு ரூ.10,000. ஒருவர் நோட்டில் மாதம் 300 மட்டும் கூடும். மற்றவர் நோட்டில் 1.03-ஆல் பெருக்க வேண்டும். ஓராண்டில் 13,600-க்கு 14,258. பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். இரண்டாண்டில் 17,200-க்கு 20,328. ஐந்தாண்டில் 28,000-க்கு 58,916. இரட்டிக்கும் காலத்துக்கு 72-ஐ வட்டியால் வகுக்கும் குறுக்குவழி 24 மாதம் என்கிறது; சரியான விடை 23.4 மாதம்.

சாதாரணக் கால்குலேட்டரில் 1.03, பெருக்கல், 10000, பிறகு சமக்குறியை மாதத்துக்கு ஒருமுறை அழுத்தினால் போதும் என்பார்கள். எல்லா மாடலிலும் நடக்காது. முதலில் 2, பெருக்கல், 3, மூன்று முறை சமக்குறி என்று அழுத்திப் பாருங்கள். 6, 12, 24 வந்தால் சொன்ன வரிசையே சரி. 6, 18, 54 வந்தால் 10000-ஐ முதலிலும் 1.03-ஐ அடுத்தும் அழுத்த வேண்டும். 6-லேயே நின்றால் அந்தக் கால்குலேட்டர் இதற்கு உதவாது.

இவற்றில் எவை ஒரே பீரியடில் முடியும்?
*– ஆசிரியர், ராணிப்பேட்டை மாவட்டம்*

புளியங்கொட்டை, வட்டி நோட்டு இரண்டும் 45 நிமிடத்தில் முடியும், கொட்டையை முன்பே தேய்த்திருந்தால். சுவர்ப் பட்டைக்கு வெட்டி ஒட்டவே ஒரு பீரியடு போகும், பேச இன்னொன்று. மஞ்சள் சோதனையில் பரிமாற்றம் சீக்கிரம் முடிந்துவிடும். பட்டியலைப் பின்னோக்கிப் பார்ப்பதற்கு அடுத்த நாளை ஒதுக்குங்கள். அசோலாவுக்கு மூன்று வாரம். சனி, ஞாயிறு எடைபோட ஆள் இருக்காது என்பதால், கிடைமட்ட அச்சில் "முதல் எடை, இரண்டாம் எடை" என்று போடாமல் நாள் எண்ணையே குறிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அசோலா திடீரென்று வேகம் பிடித்த மாதிரி தெரியும்.